பரவச மரபு: மதுரை மேசைக்குப் புதிதாக வருபவர்கள் கேட்கும் கேள்விகள்

நாங்கள் சிலர் மதுரையில் மேஜ்: தி அசென்ஷன் என்ற கதையாட்டத்தைத் தமிழிலேயே ஆடி வருகிறோம். புதிதாக வருகிறவர்களில் பாதிப்பேர் ஒரே மரபைத்தான் கேட்கிறார்கள்: கல்ட் ஆஃப் எக்ஸ்டசி. புலன்களைத் தெறிக்கவிட்டு, அதன் வழியாக ஞானம் தேடும் மந்திரவாதிகள். ஆசையோடு கேட்கிறார்கள், ஆனால் பெரும்பாலும் தவறான காரணத்துக்காக. ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லி வந்ததை இங்கே எழுதி வைக்கிறேன்.

இது என்ன விளையாட்டு? ஒன்றுமே தெரியாமல் வரலாமா?

வரலாம். மேசையைச் சுற்றி நாலைந்து பேர் உட்காருவோம். ஒருவர் கதைசொல்லி. மற்ற ஒவ்வொருவருக்கும் ஒரு பாத்திரம். "நான் இதைச் செய்கிறேன்" என்று நீங்கள் சொல்வீர்கள். அது நடந்ததா இல்லையா என்று சந்தேகம் வரும் இடத்தில் பத்துமுகப் பகடை உருளும். அவ்வளவுதான்.

வைட் வுல்ஃப் என்ற அமெரிக்க நிறுவனம் 1993-ல் வெளியிட்டது. அதற்கு முன் அவர்கள் 1991-ல் ரத்தக்காட்டேரிகளுக்கும் 1992-ல் ஓநாய் மனிதர்களுக்கும் ஆட்டம் போட்டிருந்தார்கள். அதே இருண்ட உலகத்தில்தான் இதுவும் நடக்கிறது. அடிப்படைக் கற்பனை இதுதான்: உலகம் தானாக ஒரு விதிப்படி ஓடவில்லை, பெரும்பாலான மனிதர்கள் எப்படி ஓடும் என்று நம்புகிறார்களோ அப்படி ஓடுகிறது. சிலர் இதை உணர்ந்து விழித்துக்கொள்கிறார்கள். விழித்தவர்கள் தங்கள் நம்பிக்கையின் பலத்தால் உலகத்தை வளைக்கிறார்கள். அவர்களுக்கு ஒன்பது மரபுகள். எதிரே, எல்லாவற்றையும் அளந்து, வரையறுத்து, ஒரே ஒழுங்கில் வைக்க நினைக்கும் டெக்னாக்ரஸி.

பகடை உருட்டுவது வெள்ளைக்காரன் பழக்கம் என்று வீட்டில் யாராவது சொன்னால் கீழடி அருங்காட்சியகத்துக்குக் கூட்டிப் போங்கள். நம்மூரிலிருந்து பன்னிரண்டு கிலோமீட்டர்தான். அங்கே தந்தத்தில் செய்த பகடை கிடைத்திருக்கிறது, சுடுமண் ஆட்டக்காய்களும் கிடைத்திருக்கின்றன.

பரவச மரபு என்றால் யார்?

கல்ட் ஆஃப் எக்ஸ்டசி என்பதை நாங்கள் பரவச மரபு என்று சொல்லிப் பழகிவிட்டோம். கதைப்படி இதற்கு இன்னும் பழைய பெயர் ஒன்று உண்டு: சீயர்ஸ் ஆஃப் க்ரோனோஸ், அதாவது காலத்தைக் காண்பவர்கள். 2015-ல் வந்த இருபதாம் ஆண்டுப் பதிப்பில் பல மரபுகளுக்குப் புதுப்பெயர் வைத்தபோது, இவர்கள் சஹஜியா ஆனார்கள். சகஜம் என்றால் கூடவே பிறந்தது. வங்காளத்தில் வைணவ சகஜியர் என்று உண்மையாகவே ஒரு மரபு இருந்தது. அந்தச் சொல்லைத்தான் ஆட்டம் எடுத்துக்கொண்டிருக்கிறது. ஆனால் ஆட்டத்தில் வருவது கற்பனை மரபு. வங்காளத்து மரபின் வரலாறு என்று நினைத்து இதைப் படித்துவிடாதீர்கள்.

அவர்களுடைய நம்பிக்கையின் நடுவில் லகாஷிம் என்று ஒன்று இருக்கிறது. படைப்பு முழுவதற்கும் ஒரு நாடித்துடிப்பு உண்டு. அதைக் கேட்டுவிட்டால் நீயும் உலகமும் ஒரே தாளத்தில் துடிப்பீர்கள் என்பதுதான் அது. பாட்டு, ஆட்டம், மணம், காமம், வலி, பட்டினி, தூக்கமில்லாத இரவு எல்லாமே அந்தத் துடிப்பைக் கேட்பதற்குக் காதைத் தீட்டும் வழிகள். பட்டியலில் வலியும் பட்டினியும் இருப்பதைக் கவனியுங்கள். "இன்பம் தேடுபவர்கள்" என்று இவர்களைச் சொல்வது பாதி உண்மைதான்.

சாராயம், கஞ்சா, பார்ட்டி. இதுதானே?

இந்தக் கேள்விக்காகத்தான் இந்தப் பக்கத்தையே எழுத உட்கார்ந்தேன்.

இல்லை. ஆட்டத்தின் பழைய பதிப்புகளே இந்த எண்ணத்துக்கு இடம் கொடுத்திருக்கின்றன என்பதை ஒத்துக்கொள்கிறேன். ராக் இசை, போதை, படுக்கையறை என்று ஒரு படம் வரைந்து வைத்துவிட்டார்கள். அதைப் பார்த்து வருகிறவர் முதல் ஆட்டத்திலேயே, "என் கேரக்டர் ஒரு பாட்டிலை எடுத்துக் குடிக்கிறான், மந்திரம் வேலை செய்யுதா?" என்று கேட்பார். நான் பதிலுக்கு ஒன்றுதான் கேட்பேன்: குடித்தபோது அவன் எதைக் கவனித்தான்? அந்தக் கேள்விக்குப் பதில் இல்லையென்றால் மந்திரமும் இல்லை.

பரவசம் என்பது புலன் மழுங்குவது அல்ல, கூர்மையாவது. போதையில் சரிந்து கிடப்பவனுக்குத் தன் கால் எங்கே இருக்கிறது என்றே தெரியாது. பரவசத்தில் இருப்பவனுக்குத் தெருக்கோடியில் யாரோ வளையலைச் சரிசெய்வதுகூடக் கேட்க வேண்டும். இரண்டும் நேரெதிர். கடலைமிட்டாயை மூன்று கடியில் விழுங்குபவனையும், பாகு கம்பிப் பதத்தில் இறக்கியதா, கொஞ்சம் முன்னாலேயே இறக்கிவிட்டார்களா என்று பல்லிலேயே சொல்பவரையும் நினைத்துப் பாருங்கள். இரண்டாமவர்தான் இந்த மரபுக்காரர்.

மேசையில் நிஜமாகவே குடித்துவிட்டோ வேறு எதையாவது இழுத்துவிட்டோ வந்து உட்காருபவர்களை நாங்கள் சேர்ப்பதில்லை. அதில் விட்டுக்கொடுப்பே கிடையாது.

இன்பத்துக்கும் காலத்துக்கும் என்ன சம்பந்தம்? இந்த மரபுக்கு ஏன் காலம் என்ற ஸ்பியரைக் கொடுத்தார்கள்?

ஆட்டத்தில் மந்திரத்துக்கு ஒன்பது துறைகள், ஸ்பியர்கள். ஒவ்வொரு மரபும் ஒன்றில் கைதேர்ந்தது. உயிர், மனம் இரண்டையும் விட்டுவிட்டு இவர்களுக்குக் காலத்தைக் கொடுத்தது எனக்கு முதலில் புரியவில்லை. புரிந்தபிறகு, இந்த ஆட்டத்திலேயே அழகான முடிவு இதுதான் என்று தோன்றியது.

வாடிவாசலை நினைத்துக்கொள்ளுங்கள். பொங்கல் சமயத்தில் அவனியாபுரத்திலோ பாலமேட்டிலோ அலங்காநல்லூரிலோ பார்த்திருப்பீர்கள். காளை வெளியே வருகிறது. ஒருவர் பாய்ந்து திமிலைக் கட்டிக்கொள்கிறார். மூன்று துள்ளல். வேலிக்கு வெளியே நிற்கும் நமக்கு அது கண் இமைக்கும் நேரம். பிடித்துவிட்டு இறங்கியவரிடம் கேட்டுப்பாருங்கள்: திமிலின் சூடு, தோலுக்கு மேலிருந்த மண், காளையின் மூச்சு, எந்தப் பக்கம் அது தலையைத் திருப்பப்போகிறது என்று முன்கூட்டியே தெரிந்தது என்று ஐந்து நிமிடம் சொல்லுவார். இரண்டு வினாடிக்குள் ஐந்து நிமிடம் இருந்திருக்கிறது. புலன்கள் ஐந்தும் ஒரே இடத்தில் குவியும்போது காலம் இளகிவிடுகிறது. இந்த மரபின் மந்திரம் முழுக்க இந்த ஒரு அனுபவத்திலிருந்துதான் கிளைக்கிறது.

இன்னொன்று, அமைதியானது. எங்கள் அப்பத்தா மல்லிகை கட்டும்போது பக்கத்தில் உட்கார்ந்து பார்த்து வளர்ந்தவன் நான். வாழைநாரைத் தண்ணீரில் நனைத்துப் பிழிந்து வைத்திருப்பார். இரண்டு மொட்டு இந்தப் பக்கம், இரண்டு மொட்டு அந்தப் பக்கம், ஒரு சுழற்று, ஓர் இழுப்பு. கண் வாசலில் இருக்கும், வாய் பக்கத்து வீட்டுக்காரரோடு பேசிக்கொண்டிருக்கும், விரல் மட்டும் நிற்காது. பொழுது விடியும் முன்னே பறித்த மொட்டு அது. மதியம் கையில் எடுத்தால் மணமே இருக்காது, பச்சைக் காம்பு வாசனைதான். வெயில் சாய்ந்ததும் ஒவ்வொன்றாக வாயைத் திறக்கும். விளக்கு வைக்கும் நேரத்துக்கு வீடு முழுக்க நிறைந்துவிடும். மறுநாள் காலையில் பழுப்பேறிக் கிடக்கும். மல்லிகை ஒரு கடிகாரம். மதுரை மல்லிக்கு 2013-ல் புவிசார் குறியீடு கிடைத்தது; அதற்கு எத்தனையோ காலம் முன்பிருந்தே இந்த ஊர் மூக்கால் மணி பார்த்து வந்திருக்கிறது.

விதிப்படி காலத்துறைக்கு ஐந்து படிகள். முதல் படியில் நேரத்தின் ஓட்டத்தைத் துல்லியமாக உணரலாம். இரண்டாவதில் நடந்ததையும் நடக்கப்போவதையும் பார்க்கலாம். மூன்றாவதில் காலத்தை இழுக்கலாம், சுருக்கலாம். நான்காவதில் ஒரு செயலைக் காலத்தில் கட்டிப்போட்டு, பிறகு நடக்கவைக்கலாம். ஐந்தாவதில் காலத்துக்கு வெளியே நிற்கலாம். என் மேசையில் மல்லிகையை வைத்தே இந்த ஐந்தையும் விளக்கிவிடுவேன். உதிர்ந்த பூவை முகர்ந்து அது யார் தலையில் இருந்தது என்று காண்பது இரண்டாம் படி. மொட்டை உள்ளங்கையில் வைத்து மூச்சு விட்டு உடனே மலரவைப்பது மூன்றாவது. கட்டிக் கொடுத்த சரத்தில் ஒரு மந்திரத்தை முடிந்து, அந்த மொட்டு விரியும் நேரத்தில் அது பலிக்கும்படி செய்வது நான்காவது.

பகடைக் கணக்கு எப்படி?

மந்திரம் செய்ய, பாத்திரத்தின் மந்திர ஞானத்தைக் காட்டும் அரெட்டே என்ற எண்ணுக்குச் சமமான பகடைகள் உருட்டுவீர்கள். புதிய பாத்திரத்துக்கு அதிகபட்சம் 3. ஒவ்வொரு பகடையும் குறித்த இலக்கையோ அதற்கு மேலோ காட்டினால் ஒரு வெற்றி. 1 விழுந்தால் அது ஒரு வெற்றியைத் தின்றுவிடும்.

இலக்கு எவ்வளவு என்பதில்தான் ஊர் உள்ளே வருகிறது. தற்செயல் போலத் தோன்றும் மந்திரத்துக்கு ஸ்பியர் படியோடு 3 கூட்டு. அப்பட்டமான மந்திரம், ஆனால் பார்ப்பவர் இல்லையென்றால் 4. அப்பட்டமானதைப் பொதுமக்கள் பார்த்துவிட்டால் 5. மூன்றாம் படிக் காலமந்திரத்துக்கு இலக்கு முறையே 6, 7, 8. மூன்று பகடையில் ஒன்றாவது தேறும் வாய்ப்பு, 1 விழும் தொல்லையைக் கணக்கில் எடுக்காமல், 6-க்கு 87 சதவீதத்துக்கு மேல். 8-க்கு 66 சதவீதத்தைத் தொடாது. அதுபோக, அப்பட்டமாகச் செய்தால் பாரடாக்ஸ் வேறு சேரும்: உலகம் உங்களைத் திருப்பி அடிக்கும்.

இப்போது யோசியுங்கள். எது "அப்பட்டம்" என்பதைப் பார்ப்பவரின் நம்பிக்கைதான் தீர்மானிக்கிறது. ஊர்த் திருவிழாவில் விரதமிருந்தவர் பூக்குழி இறங்கிக் கால் சுடாமல் ஏறி வந்தால் சுற்றி நிற்பவர்கள் குலவை போடுவார்கள்; அதிசயிக்க மாட்டார்கள். அது அங்கே தற்செயல்கூட அல்ல, எதிர்பார்த்த ஒன்று. அதே ஆள் இலந்தைக்குளம் ஐ.டி. பூங்காவின் வரவேற்பறையில் தீக்கங்கை மிதித்தால்? அப்பட்டம், பார்வையாளர்களோடு. மதுரையில் பரவச மரபுக்காரர்களுக்கு நாட்காட்டிதான் பெரிய ஆயுதம். சித்திரைத் திருவிழாவில், அழகர் வைகையில் இறங்கும் பௌர்ணமியை ஒட்டிய இரவில், லட்சக்கணக்கானோர் தூக்கத்தை விட்டுக் காத்திருக்கும்போது என்னவெல்லாம் தற்செயலாகிவிடும் என்று உங்கள் கதைசொல்லியோடு பேசிப்பாருங்கள். அந்த ஒரு இரவை மட்டும் வைத்து மூன்று ஆட்டம் ஓட்டியிருக்கிறேன்.

ஐம்புலனை அடக்கு என்றுதானே நம் பெரியவர்கள் சொன்னார்கள்?

சொன்னார்கள். அவர்கள் சொன்ன இடமும் மதுரைதான். கீழக்குயில்குடி சமணர் மலைக்குப் போங்கள், மாங்குளத்துக்குப் போங்கள், ஆனைமலைக்குப் போங்கள். மாங்குளத்தில் பாறையைச் செதுக்கிப் படுக்கை வெட்டிக் கொடுத்து, யார் கொடுத்தார் என்று தமிழி எழுத்தில் பொறித்திருக்கிறார்கள். கல்லில் படுத்து, பசியோடு, புலனை ஒடுக்கியவர்கள் அவர்கள். அந்தப் படுக்கையில் ஐந்து நிமிடம் கையை வைத்துப் பாருங்கள். வெயில் உள்ளே வராத குகைத்தளத்தின் கல் எவ்வளவு குளிர்ச்சி! புலனைத் துறந்தவர் அந்தக் குளிர்ச்சியை நம்மைவிட ஆயிரம் மடங்கு உணர்ந்திருப்பார். அதனால்தான் துறவையும் பரவச மரபின் ஒரு வழியாகவே நான் நடத்துகிறேன். ஆட்டத்தின் புத்தகங்களும் பட்டினியையும் தவத்தையும் இவர்களுடைய கருவியாக ஒத்துக்கொள்கின்றன.

எதிர்ப்பக்கமும் நம்மிடம் வலுவாக உண்டு. திருக்குறளில் முதல் அதிகாரத்திலேயே ஐம்பொறியின் ஆசையை அவித்தவன் வருகிறான். அதே நூலின் 1101-ஆம் குறளில், காண்பது, கேட்பது, உண்பது, முகர்வது, தொடுவது ஐந்தும் இந்த ஒருத்தியிடமே இருக்கிறது என்று ஒருவன் திகைத்து நிற்கிறான். மேலூர்ப் பக்கம் திருவாதவூரில் பிறந்து பாண்டியனுக்கு அமைச்சராக இருந்த மாணிக்கவாசகர், உருகி உருகி அழுதே வழி கண்டவர்.

எனக்கு மிகவும் பிடித்த காட்சி சிலப்பதிகாரத்தின் வேட்டுவ வரி. கண்ணகியும் கோவலனும் மதுரைக்கு வரும் வழியில் கொற்றவை கோயிலில் இளைப்பாறுகிறார்கள். கூட வருபவர் கவுந்தியடிகள், சமணத் துறவி. அங்கே சாலினி என்ற வேட்டுவப் பெண் மேல் தெய்வம் ஏறி, கண்ணகியைப் பார்த்துப் பேசுகிறது. புலன் ஒடுக்கிய பெண்ணும் புலன் பொங்கிய பெண்ணும் ஒரே கோயிலில். உங்கள் பரவச மரபுப் பாத்திரத்துக்கு ஒரு தோழியோ தோழனோ தேவைப்பட்டால் இப்படி ஒருவரைக் கொடுங்கள். எதிரியாக அல்ல, கூட நடப்பவராக.

சாமியாட்டத்தை ஆட்டத்துக்குள் கொண்டு வரலாமா?

இதில் நான் ஒரு தவறு செய்திருக்கிறேன். அதைச் சொல்லிவிட்டுத்தான் பதில் சொல்ல முடியும்.

தொடங்கிய புதிதில் ஒரு கதையில், ஒரு கிராமத்துக் காவல் தெய்வம் ஒரு பாத்திரத்தின் மேல் இறங்குவதாக வைத்தேன். தெய்வத்தின் பெயரை அப்படியே சொன்னேன். உடுக்கை, அரிவாள், நாக்கைத் துருத்துவது எல்லாம் நடித்துக் காட்டினேன். "எத்தனை வெற்றி?" என்று கேட்டுப் பகடையை நீட்டினேன். எதிரே உட்கார்ந்திருந்த தம்பி பகடையை வாங்கவில்லை. கொஞ்ச நேரம் மேசையையே பார்த்தபடி இருந்தார். பிறகு மெதுவாகச் சொன்னார்: "அண்ணே, எங்க சித்தப்பா மேல வர்ற சாமிண்ணே இது. நீங்க பகடை உருட்டி இறக்குறீங்க."

அன்றைக்கு ஆட்டம் அத்தோடு நின்றது. நான் மன்னிப்புக் கேட்டேன். பிறகு, கேட்டுக்கொண்டதன் பேரில், அவரே எங்களைத் தங்கள் ஊர்ப் பொங்கலுக்குக் கூட்டிப் போனார். அந்தச் சித்தப்பா காப்புக் கட்டியதிலிருந்து செருப்புப் போடவில்லை, வெளியில் சாப்பிடவில்லை, பாயில் படுக்கவில்லை. இரவு பதினொரு மணி இருக்கும், உறுமி தொடங்கியது. உறுமியை அருகில் நின்று கேட்டிருக்கிறீர்களா? ஒரு பக்கத் தோலைக் குச்சியால் தட்டுகிறார். இன்னொரு பக்கம் வளைந்த குச்சியைத் தோலின் மேல் அழுத்தி உரசுகிறார். அந்த உரசலில்தான் விலங்கின் அடித்தொண்டை மாதிரி ஓர் ஓசை எழும். காதுக்கு வரும் முன்பே அது நெஞ்செலும்பில் கேட்டது. சித்தப்பாவின் தோள்பட்டை முதலில் அசைந்தது, பிறகு கழுத்து. கூட்டம் ஒதுங்கி வழி விட்டது. அவர் நேராக, கடைசி வரிசையில் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு சத்தமில்லாமல் அழுதுகொண்டிருந்த ஒரு பெண்ணிடம் போய் நின்றார். அங்கே அழுகிறார் என்று பக்கத்தில் நின்ற எனக்கே தெரியாது.

அதைப் பார்த்த பிறகுதான் இந்த மரபைப் பற்றிய என் எண்ணம் முழுசாக மாறியது. பரவசம் வந்தவர் தனக்குள் மூழ்கிப் போகவில்லை, கூட்டத்துக்குள் போனார்.

ஆகவே எங்கள் மேசை வழக்கம் இது: வழிபாட்டில் இருக்கும் தெய்வத்தின் பெயரை வைத்து இறக்குவதில்லை. பதினெட்டாம்படிக் கருப்பர் எங்கள் கதையில் பாத்திரமாக வரமாட்டார். அழகர்கோயில் கதவும் அதில் பூசிய சந்தனமும் இடமாக வரும். தாளம், விரதம், காத்திருப்பு, கூட்டத்தின் மூச்சு ஆகியவற்றை எடுத்துக்கொள்கிறோம். யார் மேலும் எது இறங்கியது என்று பெயர் வைப்பதில்லை. ஆட்டம் இதனால் மெலிந்துவிடவில்லை, கூர்மையாகியிருக்கிறது.

இந்த மரபுக்கு ஒழுக்கவிதி ஏதாவது உண்டா?

உண்டு. கோட் ஆஃப் ஆனந்தா என்று பெயர். இந்த மரபை நான் மதிக்கக் காரணமே அதுதான். அதன் உயிர்: இன்னொருவரின் உடலிலும் ஆசையிலும் கை வைக்காதே, அவர் கேட்காத பரவசத்தை அவர் மேல் திணிக்காதே. கட்டாயப்படுத்துபவன் எவ்வளவு பெரிய மந்திரவாதியானாலும் இந்த மரபில் குற்றவாளிதான்.

மேசையிலும் அதே விதி. நடுவில் ஒரு வெற்று அட்டை வைத்திருப்போம். எந்தக் காட்சி பிடிக்கவில்லையோ, அட்டையைத் தொட்டால் போதும், காரணம் சொல்ல வேண்டியதில்லை, காட்சி அங்கேயே முடியும். காமக் காட்சிகளைக் கதவு வரை கொண்டுபோய் அங்கேயே விட்டுவிடுவோம். பதினெட்டு வயதுக்குக் குறைந்தவர்களை இந்த ஆட்டத்துக்குச் சேர்ப்பதில்லை.

ஒரு பாத்திரம் செய்து காட்டுங்களேன்.

இருபதாம் ஆண்டுப் பதிப்பில் ஒவ்வொரு மந்திரவாதிக்கும் மூன்று கேள்விகள்: உலகம் எப்படி இயங்குகிறது என்று நம்புகிறாய்? அந்த நம்பிக்கையை எந்தப் பயிற்சியாக மாற்றுகிறாய்? கையில் எடுக்கும் கருவி என்ன?

எங்கள் மேசையில் எல்லோருக்கும் பிடித்த ஒருவரைச் சொல்கிறேன். ராத்திரிக் கடையில் பரோட்டா போடும் மாஸ்டர். நம்பிக்கை: ஊருக்கு ஒரு பசி இருக்கிறது, அந்தப் பசிக்கு ஒரு தாளம் இருக்கிறது. பயிற்சி: கொத்துவது. கருவிகள்: கல், சால்னா, கையில் இரண்டு தட்டை இரும்பு.

மணி பன்னிரண்டு. கல்லில் எண்ணெய் தெறிக்கிறது. பிய்த்துப் போட்ட பரோட்டா, முட்டை, வெங்காயம், ஒரு கரண்டி சால்னா. இரும்பு இரண்டும் கல்லில் இறங்குகின்றன. முதலில் ஒற்றை நடை. பிறகு இரட்டை. வெங்காயம் வதங்கும் வாசனை வரும்போது மும்மடங்கு. கடைக்கு வெளியே நிற்கும் பேருந்து ஓட்டுநரின் விரல் தன்னை அறியாமல் ஸ்டியரிங்கில் தாளம் போடுகிறது. தெருவில் யாரையோ துரத்தி வந்த டெக்னாக்ரஸி ஆட்களின் கால் அந்த நடைக்கு இழுபடுகிறது. மாஸ்டர் சட்டென்று ஒரு அடியைத் தவறவிடுகிறார். அந்த ஒரு அடி இடைவெளியில் தெருவுக்கு மூன்று வினாடி இல்லாமல் போகிறது. ஓடியவன் சந்துக்குள் மறைந்துவிட்டான். பார்த்தவர்களுக்கு? மாஸ்டர் கொத்தினார், அவ்வளவுதான். தற்செயல். இலக்கு 6.

இவர் குடிக்கமாட்டார், பீடியும் இல்லை. விடியற்காலையில் கல்லைத் தேய்த்துக் கழுவிவிட்டு, ஒரு டம்ளர் வெந்நீர் குடித்துவிட்டுத் தூங்கப்போவார்.

காட்சியை வர்ணிக்க வரவில்லை. "மணமாக இருந்தது" என்பதோடு நின்றுவிடுகிறேன்.

தொல்காப்பியத்தைத் துணைக்கு எடுத்துக்கொள்ளுங்கள். மரபியலில் உயிர்களை அறிவால் வரிசைப்படுத்தும்போது புலன்கள் ஒரு குறிப்பிட்ட ஒழுங்கில் வருகின்றன. புல்லும் மரமும் தொடுதல் மட்டும் அறியும். நத்தைக்கும் சிப்பிக்கும் அதோடு சுவை. கறையானுக்கும் எறும்புக்கும் மூக்கு. நண்டுக்கும் தும்பிக்கும் கண். விலங்குக்குக் காது. மனிதனுக்கு மனம்.

நாம் வழக்கமாக வர்ணிப்பது கண்ணிலிருந்து. இதைத் தலைகீழாக்கி, தொல்காப்பிய வரிசையில் தோலிலிருந்து தொடங்குங்கள். பொற்றாமரைக் குளப் படிக்கட்டில் உட்கார்ந்திருக்கிறது உங்கள் பாத்திரம் என்று வையுங்கள். முதலில் தொடையின் கீழ் கல்லின் சூடு. பிறகு நாக்கில் பிரசாதத்தின் மிச்சம். பிறகு விபூதியும் ஈரச்சுவரும் கலந்த வாசனை. அதற்குப் பிறகே கோபுரத்தின் நிழல் தண்ணீரில் ஆடுவது. அடுத்து ஆடி வீதிப் பக்கமிருந்து நாகசுரம். கடைசியாக மனம்: யாருக்காகக் காத்திருக்கிறது, ஏன் அவர் வரவில்லை. இந்த வரிசையில் போனால் கேட்பவர்கள் ஆறாவதுக்கு வரும்போது பேச்சை நிறுத்திவிடுவார்கள். பலமுறை பார்த்திருக்கிறேன்.

அவசரப்படாதீர்கள். ஆறையும் எல்லாக் காட்சியிலும் அடுக்கினால் சலித்துவிடும். மந்திரம் செய்யும் இடத்துக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

மதுரையில் டெக்னாக்ரஸியை எப்படிக் காட்டுவது?

கறுப்புக்கண்ணாடி போட்ட வில்லன்களாக வேண்டாம். ஐந்து பிரிவாக இருக்கும் இவர்கள் ஆட்டத்தின் கதைப்படியே மனிதகுலத்துக்கு நிறைய நல்லதும் செய்தவர்கள். பேய்க்கும் பூதத்துக்கும் பயந்து கிடந்த சாதாரண ஆளுக்கு விளக்கும் மருந்தும் கொடுத்தவர்கள். பரவச மரபுக்காரருக்கு அவர்களோடு இருக்கும் சண்டை வேறு. எல்லா நேரத்தையும் ஒரே அளவாக நறுக்கிவிடுகிறார்கள். திருவிழா இரவும் மற்ற இரவும் ஒன்றுதான் என்கிறார்கள். அந்தச் சண்டையை ஒரு மனிதருக்குள்ளேயே வைத்தால் இன்னும் நன்றாக இருக்கும்: பகலில் சர்வர் அறையில் வேலை, இரவில் தவில்.

ஆங்கிலம் தெரிய வேண்டுமா? செலவாகுமா?

வேண்டாம், விதிகளைத் தமிழில் நாலு பக்கத்துக்குச் சுருக்கி வைத்திருக்கிறோம். கட்டணம் கிடையாது. பகடை எங்களிடம் இருக்கிறது.

முதல் ஆட்டத்துக்கு என்ன கொண்டுவர வேண்டும்?

ஒரு மணம். பொருளாக வேண்டியதில்லை, நினைவாக இருந்தால் போதும். உங்களுக்கு மட்டும் தெரிந்த ஒன்று: பழைய வீட்டு அடுப்படி, பள்ளிக்கூடத்துச் சாக்குக்கட்டி டப்பா, அப்பாவின் சைக்கிள் செயின் எண்ணெய், கோடைமழையின் முதல் ஐந்து நிமிடம். முதல் அரைமணி நேரம் பகடையைத் தொடமாட்டோம். ஒவ்வொருவரும் தங்கள் மணத்தைச் சொல்ல வேண்டும், மற்றவர்கள் கேட்க வேண்டும். போன மாதம் வந்த ஒரு அக்கா, நனைந்த காக்கிச் சட்டையை அடுப்புக்கு மேல் கொடியில் காயவைக்கும் வாசனை என்றார். அவருடைய பாத்திரத்துக்குப் பெயர், ஊர், எதிரி எல்லாமே அதிலிருந்து பத்தே நிமிடத்தில் வந்துவிட்டது. சட்டை யாருடையது என்பதை மட்டும் அவர் இன்னும் சொல்லவில்லை. நாங்களும் கேட்கவில்லை, கதையில் வரும்போது வரட்டும்.